ப்ளட்ஷெட்: இந்த இங்கிலீஷ் வார்த்தைய எங்க போடணும், எங்க போடவே கூடாது (முழுமையான வழிகாட்டி)

ப்ளட்ஷெட்னா ரத்தம் சிந்துதல், ரத்தக்களரி. டிக்‌ஷனரில இவ்ளோதான் இருக்கும், பாத்துட்டு சரி புரிஞ்சிடுச்சுன்னு மூடிடுவோம். எழுத உக்காந்தாதான் சிக்கல் தெரியும். ஆக்சிடென்ட்ல ஒருத்தருக்கு தலைல அடிபட்டு சட்டையெல்லாம் ரத்தம்னா அது ப்ளட்ஷெட்டா? ஆபரேஷன்ல நிறைய ரத்தம் போச்சுன்னா? "நாட்டுக்காக ரத்தம் சிந்தினாங்க"ன்னு எழுதணும்னா இந்த வார்த்தைய போடலாமா? மூணுக்குமே பதில் "கூடாது"ங்கிறதுதான், ஆனா மூணுலயும் இத போட்டு எழுதினத நான் பாத்திருக்கேன். ரொம்ப வருஷமா இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கும் தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கும் செய்தி மொழிபெயர்க்கிற வேலை பாக்குறேன், அதுல அடிக்கடி கைல வந்து மாட்டுற வார்த்தை இது. செத்துப்போன மனுஷங்கள பத்தி பேசுற வார்த்தைங்கிறதால இதுல தப்பு வந்தா எனக்கு மனசு கேக்காது, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல வார்த்தைய ரெண்டா பிரிச்சு பாருங்க

ப்ளட் + ஷெட். ப்ளட் தெரிஞ்சதுதான், ரத்தம். ஷெட்ல தான் பலருக்கு குழப்பம், ஏன்னா ஷெட்னதும் நமக்கு கார் ஷெட், மாட்டு ஷெட்தான் ஞாபகம் வரும். அந்த கொட்டகை ஷெட் வேற வார்த்தை, அது நிழல்னு அர்த்தம் வர்ற ஷேட்ங்கிற சொல்லோட இன்னொரு வடிவம். இங்க இருக்கிற ஷெட் ஒரு வினைச்சொல், பழைய இங்கிலீஷ்ல அதுக்கு பிரிக்கிறது, தனியாக்குறதுன்னு அர்த்தம். ஒண்ண விட்டு ஒண்ணு பிரிஞ்சு விழறதுங்கிற எண்ணம்தான் அடியில ஓடுது, அத பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். மரம் இலை உதிர்க்கிறதும் ஷெட், பாம்பு சட்டை உரிக்கிறதும் ஷெட், உடம்பு எடை குறைக்கிறதும் ஷெட், கண்ணீர் விடுறதும் ஷெட். ரெண்டு பக்கமும் தண்ணி பிரிஞ்சு ஓடுற மலை முகட்டுக்கு வாட்டர்ஷெட்னு பேர் வந்ததும் இதே ஷெட்லதான்.

தமிழ்ல இதுக்கு அச்சு அசலா பொருந்துற சொல் சிந்துறது. கண்ணீர் சிந்துறோம், ரத்தம் சிந்துறோம், ரெண்டுக்கும் இங்கிலீஷ்லயும் ஒரே வினைதான். இதோட பக்கத்து வீட்டு சொல் ஒண்ணு இருக்கு, ஸ்பில். இன்னைக்கு காபி கொட்டிடுச்சு பால் சிந்திடுச்சுன்னு சாதாரணமா சொல்ற அந்த ஸ்பில்லுக்கு பழைய இங்கிலீஷ்ல அழிக்கிறது, கொல்றதுன்னுதான் அர்த்தம். கொல்றதுல இருந்து ரத்தம் சிந்த வைக்கிறதுக்கு வந்து, அங்கிருந்து எது கொட்டினாலும் ஸ்பில்னு ஆகியிருக்கு. நாம பால் சிந்துறதுக்கும் ரத்தம் சிந்துறதுக்கும் ஒரே சொல்ல வச்சிருக்கோம், அவங்க வேற ஒரு வழில சுத்தி வந்து அதே இடத்துல நிக்கிறாங்க.

உச்சரிப்பு, எழுத்து

இத சீக்கிரம் முடிச்சிடலாம். பி-க்கும் எல்-லுக்கும் அப்புறம் ரெண்டு ஓ வருது, ஆனா ப்ளூட் இல்ல, ப்ளட், அதாவது அகரம். ரெண்டு ஓ வந்தா மூன், ஃபூட் மாதிரி ஊகாரமோ, குட், புக் மாதிரி உகாரமோ வரும்னு பழகியிருப்போம், வெள்ளத்துக்கு சொல்ற ஃப்ளட்டும் இந்த ப்ளட்டும் அந்த பழக்கத்துல அடங்காத ஜோடி, ரெண்டையும் சேத்தே மனசுல வச்சுக்கோங்க. அழுத்தம் முதல் பாதில, ப்ளட்ஷெட். எழுதும்போது ஒரே வார்த்தை, நடுவுல இடமும் கிடையாது கோடும் கிடையாது.

எல்லைய புரிஞ்சுக்கோங்க (இதுதான் முக்கியமான படி)

ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன கொல்றதோ காயப்படுத்துறதோ நடக்குது, பெரும்பாலும் சண்டை, கலவரம், போர், ஆட்சிக் கவிழ்ப்பு மாதிரி ஒரு சூழல்ல. அதுக்குத்தான் ப்ளட்ஷெட். இந்த வரிய மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டா முக்கால்வாசி தப்பு வராது.

எழுதுறதுக்கு முன்னாடி நான் மனசுக்குள்ள சில கேள்விகள் கேட்டுக்குவேன். சிந்தினது மனுஷ ரத்தமா? வேணும்னே யாராவது தாக்கினதால சிந்துச்சா? இதுல எதுக்காவது இல்லன்னு பதில் வந்தா இந்த வார்த்தைய கீழ வச்சிடுங்க. ரோட்ல நடந்த விபத்துல யாரும் யாரையும் தாக்கல, அதனால அது ப்ளட்ஷெட் இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல போற ரத்தம் ப்ளீடிங் இல்லன்னா ப்ளட் லாஸ். கறிக்காக ஆடு மாடு அறுக்கிறதுக்கு ஸ்லாட்டர்.

அப்புறம் இன்னொண்ணு, செத்தே ஆகணும்னு இல்ல. காயம் பட்டிருந்தாலும் ப்ளட்ஷெட்தான், டிக்‌ஷனரிகளும் கொல்றது அல்லது காயப்படுத்துறதுன்னு ரெண்டையும் சேத்துதான் சொல்லுது. அதே சமயம் ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு ஒருத்தருக்கு மூக்கு உடைஞ்சதுக்கு இத போட்டா பொருந்தாது, இது எடை கூடின சொல், ஒரு கூட்டமோ ஊரோ நாடோ சம்பந்தப்பட்ட வன்முறைக்கு வர்ற சொல்.

இங்கதான் நம்ம ரத்தக்களரி நம்மள ஏமாத்துது. களரின்னா களம், போர்க்களம். ரத்தத்தால நனைஞ்ச களம்தான் ரத்தக்களரி, பழைய தமிழ்ல செங்களம்னு சொன்ன மாதிரி. அதனால ப்ளட்ஷெட்டுக்கு பக்கத்துல வர்ற சொல்தான். ஆனா பேச்சுல நாம அத எங்கெல்லாம் இழுத்துட்டு போயிட்டோம் பாருங்க, குழந்தை கீழ விழுந்து உதடு கிழிஞ்சா கூட "வாயெல்லாம் ஒரே ரத்தக்களரி"ன்னுதான் சொல்றோம். அதாவது நம்ம சொல் கண்ணுக்கு தெரியுற ரத்தத்த பத்தி பேசுது. இங்கிலீஷ் சொல்லோ நடந்த வன்முறைய பத்தி பேசுது, ரத்தம் கண்ணுக்கு தெரியணும்னே அவசியம் இல்ல. "டு அவாய்ட் ஃபர்தர் ப்ளட்ஷெட்"னு ஒரு அமைதிப் பேச்சு அறிக்கைல வந்தா அத படிக்கிறவர் மனசுல ரத்தக் குளம் எதுவும் வராது, இனி யாரும் சாகக்கூடாதுங்கிற கவலைதான் வரும்.

கிராமர்: எண்ண முடியாத பெயர்ச்சொல்

தண்ணி, காத்து, பொறுமை மாதிரி இதுவும் எண்ண முடியாதது. முன்னாடி ஏ போடக்கூடாது, பின்னாடி எஸ் போடக்கூடாது. "ஏ ப்ளட்ஷெட் ஹாப்பன்ட்" தப்பு, "மெனி ப்ளட்ஷெட்ஸ்" தப்பு. அளவு சொல்லணும்னா "மச் ப்ளட்ஷெட்", "எ லாட் ஆஃப் ப்ளட்ஷெட்", "சோ மச் ப்ளட்ஷெட்". நாம தப்பு பண்றதுக்கு காரணம், தமிழ்ல "ஒரு கொலை, ரெண்டு கொலை"ன்னு எண்ணி பழகினது. எண்ணித்தான் ஆகணும்னா கில்லிங்ஸ், அட்டாக்ஸ், மாஸக்கர்ஸ் மாதிரி எண்ண முடிஞ்ச சொல்லுக்கு போயிடுங்க.

வினையாவும் வராது. "தே ப்ளட்ஷெட் த பீப்பிள்"னு எழுத முடியாது. வினை வேணும்னா வார்த்தைய மறுபடி உடைச்சு, திருப்பி போடணும்: "ஷெட் ப்ளட்". இதோட இறந்தகாலமும் ஷெட்டேதான், ஷெட்டட்னு போடாதீங்க. நேத்து சிந்தினாலும் ஷெட், இன்னைக்கு சிந்தினாலும் ஷெட்.

இந்த உடைச்சு திருப்பிப் போடுற இடத்துல கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. "ஷெட் தெர் ப்ளட் ஃபார்"னு எழுதினா சிந்தினவங்க சொந்த ரத்தம், அதாவது தியாகம். "ஷெட் த ப்ளட் ஆஃப்"னு எழுதினா அடுத்தவங்க ரத்தம், அதாவது கொலை. தமிழ்லயும் இதே ரெண்டு பக்கமும் இருக்கு, "நாட்டுக்காக ரத்தம் சிந்தினாங்க"ங்கிறது ஒண்ணு, "அப்பாவிங்க ரத்தத்த சிந்த வச்சாங்க"ங்கிறது இன்னொண்ணு. ஆனா ரெண்டும் சேந்து ப்ளட்ஷெட்னு பெயர்ச்சொல்லா ஆன உடனே யாரோட ரத்தம், யார் சிந்த வச்சாங்கங்கிற ரெண்டும் காணாம போயிடுது. அதனாலதான் தியாகத்த சொல்ல இந்த பெயர்ச்சொல் ஒத்து வராது, இத பத்தி கீழ இன்னும் பேசணும்.

கூட வர்ற சொற்கள்

ஒரு வார்த்தை எந்த வார்த்தைகளோட கூட்டு வச்சிருக்குன்னு தெரியாம அத சொந்தமாக்க முடியாது. ப்ளட்ஷெட்டுக்கு முன்னாடி அதிகமா வர்ற வினைகள் அவாய்ட், ப்ரிவென்ட், ஸ்டாப், எண்ட், காஸ், லீட் டு. கவனிச்சீங்கன்னா பாதிக்கு மேல தடுக்கிற, நிறுத்துற வினைகள். இந்த வார்த்தை பொதுவா கெஞ்சல்லயும் வேண்டுகோள்லயும் எச்சரிக்கைலயும்தான் வாழுது. அடைமொழியா வர்றது ஃபர்தர் (மேற்கொண்டு), நீட்லெஸ் (தேவையே இல்லாத), சென்ஸ்லெஸ் (அர்த்தமில்லாத), வைட்ஸ்ப்ரெட் (பரவலா நடக்கிற). "வித்தவுட் ப்ளட்ஷெட்"னு ஒரு தொடர் இருக்கு, ரத்தம் சிந்தாம, இது ஆட்சி மாற்றம், சரணடையுறது, பணயக்கைதிங்கள மீட்கிறது பத்தின செய்திகள்ல அடிக்கடி வரும்.

சொந்தக்கார சொற்கள பிரிச்சு அறியுங்க

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம், ஏன்னா தமிழுக்கு கொண்டு வரும்போது எல்லாத்தையும் படுகொலைன்னு ஒரே கூடைல போட்டுடுறோம்.

மாஸக்கர்னா தான் படுகொலை. தங்கள காப்பாத்திக்க முடியாதவங்கள கூட்டமா கொல்றது. இத எண்ணலாம், வினையாவும் போடலாம். ரெண்டு பக்கமும் ஆயுதத்தோட நின்னு சண்டை போட்டா அது மாஸக்கர் இல்ல.

கார்னேஜ் லத்தீன்ல சதைன்னு அர்த்தம் வர்ற சொல்ல இருந்து வந்தது, மாமிசம் தின்னுற விலங்குக்கு சொல்ற கார்னிவோர் இருக்கே அதோட உறவு. நடந்து முடிஞ்சப்புறம் கிடக்கிற கோரக்காட்சி மேல இதுக்கு கண். யார் தாக்கினாங்கங்கிறது இதுக்கு அவசியமில்ல, அதனால சாலை விபத்து சாவுகளுக்கு கூட "கார்னேஜ் ஆன் த ரோட்ஸ்"னு இங்கிலீஷ் பத்திரிகைகள் எழுதும். மேல சொன்ன விபத்து உதாரணத்துல நிறைய பேர் செத்திருந்தா இது பொருந்தும்.

ப்ளட்பாத், ரத்தக் குளியல். இது உரத்த சொல், எண்ணலாம். ஷேர் மார்க்கெட் சரிஞ்சாலும் கம்பெனில கூட்டமா வேலைய விட்டு தூக்கினாலும் உருவகமா இத போடுவாங்க. ப்ளட்ஷெட்ட அப்படி உருவகமா போடுறது ரொம்ப அபூர்வம், அது இன்னமும் நிஜ ரத்தத்தோடயே நிக்குது, அந்த கண்ணியம் எனக்கு பிடிக்கும், நீங்களும் அத கெடுக்காதீங்க.

கோர்ங்கிறது சிந்தி உறைஞ்ச ரத்தம். பழைய இங்கிலீஷ்ல இதுக்கு சாணம், அழுக்குன்னு அர்த்தம், ரத்தம்ங்கிற அர்த்தம் அப்புறம்தான் வந்துச்சு. சினிமாவுல கோரி சீன்னு சொல்றது இதுல இருந்துதான், நம்ம கோரம்ங்கிற சொல்லோட காதுக்கு ஒத்துப்போனாலும் சம்பந்தம் எதுவும் இல்ல. மாடு கொம்பால குத்துறதுக்கும் கோர்னு ஒரு வினை இருக்கு, அதுவும் தனி வார்த்தை, ஈட்டிக்கு இருந்த பழைய சொல்லோட உறவு.

ப்ளட்லெட்டிங், ஒரு காலத்துல இது வைத்தியம், உடம்புல ரத்தத்த வெளியேத்தினா நோய் போகும்னு நம்பினாங்க. அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர்ல தொண்டை வீக்கத்தோட படுத்தப்போ டாக்டருங்க திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தாங்க, அன்னைக்கு ராத்திரியே இறந்துட்டார். இப்ப இந்த சொல் வன்முறைக்கும், கட்சிக்குள்ளயோ நிறுவனத்துக்குள்ளயோ நடக்கிற கழுத்தறுப்புக்கும் வருது.

அப்புறம் ஒரு ஜோடி, பரீட்சைக்கு படிக்கிறவங்க கட்டாயம் பாருங்க: சாங்க்வினும் சாங்க்வினரியும். ரெண்டும் ரத்தத்துக்கான லத்தீன் சொல்ல இருந்து வந்ததுதான், ஆனா சாங்க்வினரின்னா ரத்தம் பெருக்கெடுத்த, ரத்தவெறி பிடிச்ச, சாங்க்வின்னா நம்பிக்கையான, எல்லாம் நல்லா நடக்கும்னு நினைக்கிற! எப்படி இப்படி ஆச்சுன்னா, பழைய ஐரோப்பிய வைத்தியத்துல உடம்புல ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்னு நாலு திரவம் இருக்கு, எது தூக்கலா இருக்கோ அதுதான் ஆளோட குணம்னு நம்பினாங்க, ரத்தம் தூக்கலா இருந்தா முகம் சிவந்து கலகலப்பா இருப்பாங்களாம். வைத்தியம் போயிடுச்சு, வார்த்தை மட்டும் தங்கிடுச்சு.

ப்ளட்ஷாட் கேக்க ப்ளட்ஷெட் மாதிரியே இருக்கும், தூக்கமில்லாம கண்ணு சிவந்து கிடக்கிறது அது. டைப் பண்ணும்போது கடைசி ரெண்டு எழுத்து மாறினா "தூக்கமில்லாம அவர் கண்ணுல படுகொலை"ன்னு ஆயிடும், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க.

யார் செஞ்சதுன்னு கேளுங்க

இத நான் எழுத ஆரம்பிச்சதே இந்த பகுதிக்காகத்தான்.

1770 மார்ச் 5, அமெரிக்கால அப்ப பிரிட்டிஷ் ஆட்சில இருந்த பாஸ்டன் நகரம், கிங் ஸ்ட்ரீட். பிரிட்டிஷ் சிப்பாய்ங்க கூட்டத்து மேல சுட்டதுல 5 பேர் செத்தாங்க. பால் ரெவியர்ங்கிற வெள்ளித் தட்டான் அந்த காட்சிய செதுக்கி அச்சடிச்சு வித்தார், தலைப்புல "ப்ளடி மாஸக்கர்"னு போட்டார். பிரிட்டிஷ் தரப்புக்கு ஆதரவா அதே வருஷம் லண்டன்ல வெளிவந்த சிறு வெளியீட்டோட தலைப்புல அதே சம்பவத்துக்கு "அன்ஹாப்பி டிஸ்டர்பன்ஸ்"னு பேர், அதாவது வருந்தத்தக்க குழப்பம். அதே தெரு, அதே ராத்திரி, அதே 5 பேர். ஒருத்தருக்கு படுகொலை, இன்னொருத்தருக்கு குழப்பம். சிப்பாய்ங்களுக்காக கோர்ட்ல வாதாடினவர் பின்னாடி ஜனாதிபதி ஆன ஜான் ஆடம்ஸ், ரெண்டு சிப்பாய்ங்க மேல கொலைக் குற்றம் இல்லாம மேன்ஸ்லாட்டர் (கொலைய விட குறைஞ்ச, உயிர் போன குற்றம்) மட்டும்தான் நிரூபணம் ஆச்சு, அது இன்னொரு வார்த்தை.

ப்ளட்ஷெட் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற சொல். ரத்தம் சிந்துச்சுன்னு ஒத்துக்குது, அதனால டிஸ்டர்பன்ஸ் மாதிரி மூடி மறைக்கல. ஆனா யார் சுட்டாங்க யார் செத்தாங்கன்னு வாயே திறக்காது. மழை பெஞ்சுச்சு, வெயில் அடிச்சுச்சுங்கிற மாதிரி ரத்தம் சிந்துச்சு, அவ்ளோதான். ரெண்டு பக்கமும் தாக்கிக்கிட்டப்போ, இல்ல யார் ஆரம்பிச்சாங்கன்னு நிஜமாவே தெரியாதப்போ இது நேர்மையான சொல். ஒரு பக்கம் மட்டும் துப்பாக்கியோட நின்னு இன்னொரு பக்கம் வெறும் கையோட நின்னுச்சுன்னு தெரிஞ்சும் ப்ளட்ஷெட்னு எழுதினா அது சுட்டவங்களுக்கு செய்யுற உபகாரம். அந்த மாதிரி இடத்துல வினைக்கு திரும்பிடுங்க, எழுவாய போடுங்க, இன்னார் இன்னார சுட்டாங்கன்னு எழுதுங்க. எதிர்ப்பக்கமும் உண்டு, கோவத்துல எல்லா மோதலையும் மாஸக்கர்னு எழுதினா நிஜமா படுகொலை நடக்கிற அன்னைக்கு சொல்ல வார்த்தை மிச்சம் இருக்காது.

இதோட எதிர்ச்சொல் ப்ளட்லெஸ்ஸையும் இதே கண்ணோட பாருங்க. 1688-ல இங்கிலாந்துல மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்ட விட்டு ஓடி, அவரோட மருமகன் வில்லியம் ஆட்சிக்கு வந்தத ப்ளட்லெஸ் ரெவல்யூஷன்னு, ரத்தம் சிந்தாத புரட்சின்னு சொல்றது வழக்கம். இங்கிலாந்துக்குள்ள பெரிய போர் நடக்கலங்கிறது உண்மைதான், சின்ன மோதல்கள் நடந்துச்சு. ஆனா அதே ஆட்சி மாற்றத்த தொடர்ந்து அயர்லாந்துல 1690-ல பாய்ன் போர், 1691-ல ஆக்ரிம் போர்னு ஆயிரக்கணக்குல செத்தாங்க, ஸ்காட்லாந்துல க்ளென்கோ பள்ளத்தாக்குல 1692 பிப்ரவரில விருந்தாளியா தங்கியிருந்த சிப்பாய்ங்களே வீட்டுக்காரங்கள கொன்னாங்க. யார் ரத்தத்த கணக்குல சேக்கல அப்டிங்கிறத அந்த ஒரு அடைமொழியே சொல்லிடுது. அதனால நீங்க "ரத்தம் சிந்தாம"ன்னு எழுதும்போது எந்த எல்லைக்குள்ளன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோங்க.

தமிழுக்கு கொண்டு வரும்போது

செய்தி, அறிக்கை, பேச்சுவார்த்தைன்னா "ரத்தம் சிந்துறது"தான் என் முதல் தேர்வு. ரத்தக்களரி சத்தமான சொல், இங்கிலீஷ் மூலத்துல அந்த சத்தம் இல்லாதப்போ நாம கூட்டக்கூடாது. உயிர்ச்சேதம்னு சிலர் போடுவாங்க, படிக்க சுத்தமா இருக்கும், ஆனா அது பூகம்பத்துக்கும் வெள்ளத்துக்கும் வர்ற சொல், மனுஷன் கை அதுல தெரியாது. "மேற்கொண்டு ரத்தம் சிந்துறத தவிர்க்கணும்"னு எழுதினா அளவும் சரியா இருக்கும் அர்த்தமும் சரியா இருக்கும். ஒரு ஊரே பத்தி எரிஞ்சத நேர்ல பாத்தவர் சொல்ற வர்ணனைன்னா ரத்தக்களரிய தாராளமா எடுங்க, அங்க அதுதான் பொருத்தம்.

கடைசியா, கைல எழுதி பாருங்க

கீழ இருக்கிறத இங்கிலீஷ்ல சொல்லிப் பாத்துட்டு அப்புறம் பதில படிங்க.

"கீழ விழுந்து முகமெல்லாம் ரத்தக்களரி." ப்ளட்ஷெட் வேண்டாம், "கவர்ட் இன் ப்ளட்".

"ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல மறுபடி ரத்தக்களரி ஆகாம பாத்துக்கணும்." இதுதான் சரியான இடம், "ப்ரிவென்ட் ஃபர்தர் ப்ளட்ஷெட்".

"ரத்தம் சிந்தி உழைச்சு கட்டின வீடு." வன்முறையே இல்ல, "ஸ்வெட் ப்ளட்"னு ஒரு தொடர் இருக்கு, இல்லன்னா கடினமா உழைச்சாங்கன்னு நேரா எழுதிடுங்க.

"விடுதலைக்காக ரத்தம் சிந்தினவங்க." வினையா போடுங்க, "தோஸ் ஹூ ஷெட் தெர் ப்ளட் ஃபார் ஃப்ரீடம்", அந்த "தெர்" விட்டுப்போகாம பாத்துக்கோங்க.

"ராணுவம் ரத்தம் சிந்தாம ஆட்சிய பிடிச்சுது." "ப்ளட்லெஸ் கூ", கூவோட கடைசில எழுத்துல பி இருக்கும், வாய்ல வராது.

"நிராயுதபாணியா நின்ன ஜனங்க மேல சுட்டதுல பெரிய ரத்தக்களரி." கை தானா ப்ளட்ஷெட்டுக்கு போகும், நிறுத்திட்டு முதல்ல யார் சுட்டதுன்னு எழுதுங்க.